வளவுக்காரியிடம் கேட்டீர்களா?

முப்பத்தைந்து வயதுகூட ஆகாத ஒருத்தி தன்னை "ஓய்வு பெற்றவள்" என்று எழுதிக்கொள்ளலாமா? இதை எழுத உட்கார்ந்த பிறகும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பூங்காவில் பார்த்த வேலையை விட்டு ஒரு மாதமாகிறது. மூன்றாவது பிள்ளைக்கு இழுப்பு வருத்தம். மழை தொடங்கினால் அவனை விட்டுவிட்டு வெளியில் போக மனம் வருவதில்லை. விட்டது சரி என்று காலையில் தோன்றுகிறது. பின்னேரமானதும் பூங்காவில் ஊஞ்சற் சங்கிலியை இன்று யாராவது இழுத்துப் பார்த்திருப்பார்களா என்று நினைவு வந்துவிடுகிறது.

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் பஸ்லியா போன கிழமை சுருட்டிய வரைபடம் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பூங்காவைத் திருத்திக் கட்டப் போகிறார்களாம். சுற்றிவர மதில், முன்னால் ஒரே வாசல்.

"மிஸ், பொம்புளைகள் பகுதிக்குப் பின்வேலியில ஒரு கடப்பு இரிக்கே, அது இந்தப் படத்தில இல்ல. மறந்துட்டாங்களா, வேணுமெண்டே விட்டுட்டாங்களா?"

"நீங்க கேக்கல்லயா?"

"கேட்டன் மிஸ். அது எந்தக் கடதாசியிலயும் இல்லாத கடப்பாம். எப்பிடி வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். அடைக்கிறது நல்லமாம்."

ஆள் நுழைந்து போகும் அந்த வேலித் திறப்பு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பூங்கா கடைத்தெருவுக்கும் கடற்கரைக் குறிச்சிக்கும் நடுவில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் அது வாரச் சந்தை கூடும் வெறும் மணற்காணி. ஓரத்தில் தென்னைகள் நின்றன. எழுபத்தெட்டுச் சூறாவளி தென்னைகள் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு வேம்பு மட்டும் மேற்கே சரிந்தபடி உயிரோடு நின்றது. ஊரில் பறந்து விழுந்த தகரம், ஓடு, முறிந்த கூரைத் தீராந்தி எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தக் காணியில்தான் குவித்தார்கள். பல மாதங்கள் அது ஊரின் குப்பைமேடாகக் கிடந்தது.

அதைப் பூங்காவாக்க வேண்டும் என்று நினைத்தவர் அப்போது ஊர்ச் சபையின் செயலாளராக இருந்த ஆதம்லெப்பை சேர். பருத்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, வெயிலிலும் மழையிலும் ஒரு கறுப்புக் குடை. உரத்துக் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் குடையை மடக்கிக் கையில் எடுப்பார், அவ்வளவுதான். "வீடு முறிஞ்சவங்களுக்கு வீடு கட்ட ஆக்கள் இரிக்காங்க. புள்ளைகள் எங்க விளையாடுற?" என்று கேட்டுக்கொண்டே காணியைத் துப்புரவாக்க வைத்தார். கடல் மணலில் புல் பிடிக்காது என்பதால் வயல் வட்டையிலிருந்து களிமண்ணை மாட்டு வண்டிகளில் கொண்டுவந்து பரப்பினார். வாகைக் கன்றும் பூவரசும் நட்டார். சீமெந்தால் ஒரு யானை கட்டுவித்தார். முதுகால் ஏறித் துதிக்கையால் வழுக்கி இறங்கலாம். அதன் ஒரு கண் மற்றதை விடப் பெரிது. கட்டிய மேசனிடம் கேட்டால், "அது ஆச்சரியப்படுற ஆனை" என்பார். நடுவில் ஒரு நீர்த்தொட்டியும் இருந்தது. அதில் ஒரு நாளும் நீர் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைத்தெருப் பக்கம் ஒரு பெரிய வளைவு வாசல் எழுந்தது. பச்சையும் வெள்ளையுமாக நிறம் பூசி, ஊரின் பெயரையும் எழுதினார்கள். சேருக்கு அதில் பெருமை.

நான் உயர்தரம் வரை படித்தவள். மட்டக்களப்பில் பாலர் பாடசாலைப் பயிற்சி ஒன்றும் முடித்திருந்தேன். பூங்காவின் கிழக்குப் பாதியைத் தென்னோலைக் கிடுகு வேலியால் பிரித்துப் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கியபோது, அதற்குப் பொறுப்பாக ஒரு பெண் வேண்டும் என்றார்கள். அப்போது மூத்தவள் கைக்குழந்தை. கணவர் பொத்துவில் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தார். கிழமை முடிவில்தான் வருவார். "புள்ளையையும் கொண்டு வாங்க தங்கச்சி. புள்ளைகளுக்குத்தானே பூங்கா" என்றார் சேர். சாய்ந்த வேம்பில் சேலையால் ஏணை கட்டி அவளைப் போட்டுவிட்டு வேலை செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நன்றி சொல்லத் தோன்றும் வார்த்தை அது. வேறு எந்தக் கந்தோரில் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

முதல் நாள் சேர் எனக்கு ஒரு காந்தம் தந்தார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், நீளமான நூலில் கட்டியிருந்தது.

"சூறாவளித் தகரத்தில இரிந்த ஆணியெல்லாம் இந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது. புள்ளைகள்ட காலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில இத இழுத்துக்கொண்டு நடங்க."

"எவ்வளவு காலத்துக்கு சேர்?"

"ஆணி வராம விடுற வரைக்கும்."

யானையின் துதிக்கை முடியும் இடத்தில் தொடங்கி, ஊஞ்சல்களுக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் இழுத்து, வேலி ஓரமாக முடிப்பேன். மழை பெய்த மறுநாள் இரண்டு தரம் இழுப்பேன், ஏனென்றால் மழை மண்ணைக் கரைத்துப் புதிய ஆணிகளை மேலே கொண்டுவரும். பிறகு ஊஞ்சற் சங்கிலி ஒவ்வொன்றிலும் நானே தொங்கிப் பார்ப்பேன். வேலி இடுக்கால் பார்க்கும் பிள்ளைகள், "மிஸ் காந்தம் மேய்க்கிறா! மிஸ் காந்தம் மேய்க்கிறா!" என்று கத்துவார்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் காந்தத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்போது, அது யாருடைய பிள்ளையின் பாதத்தில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த நாள் இன்னும் கவனமாக இழுப்பேன்.

எல்லாம் ஆயத்தம். ஆனால் பெண்கள் வரவில்லை.

ஆண்கள் பகுதி பின்னேரமானால் நிறையும். அங்கே வானொலிச் செய்தி போடுவார்கள். கிழக்குப் பாதியில் நானும் என் பிள்ளையும் வேம்பும் மட்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் இப்படியே போனது. கரப்பந்தாட்டக் கழகத்துப் பொடியன்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மிஸ், இந்த இடம் சும்மாதானே கிடக்கு? வலை கட்ட நல்ல நீளம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டதில் பிழையும் இல்லை. பூங்காக் குழுவில் இருந்த கடைக்காரர்களுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. நோன்புப் பெருநாள் வரை பார்ப்பது, அதற்குள் பெண்கள் வராவிட்டால் அந்தப் பாதியைக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். பெண்கள் பகுதி போனால் என் வேலையும் போகும். அதை விட, ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையை ஊஞ்சலில் ஆட்ட ஓர் இடம் கிடைத்து, அது நான் பொறுப்பாக இருந்த காலத்திலேயே கைவிட்டுப் போகப் போகிறதே என்ற கவலைதான் என்னை அரித்தது. என்னிடம் என்ன பிழை? என் முகத்தைப் பார்த்து வர விரும்பவில்லையா? இப்படியெல்லாம் யோசித்தேன்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் வீடும் கிணறும் மரங்களுமாக ஒரு பெரிய வளவு. அங்கே சபியா ராத்தா இருந்தார்; எங்கள் ஊரில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் சொல்வோம். கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் காசிம் காக்காவின் மனைவி. ஒரு நாள் வேலி இடுக்கால் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"ராத்தா, நீங்களாவது ஒருக்கா வந்து பாருங்களேன். மகள் நஜீமாவுக்கு ஊஞ்சல் ஆட விருப்பமில்லையா?"

"விருப்பமில்லாம என்ன? ஒவ்வொரு நாளும் வேலியில மூக்க வெச்சுக்கொண்டு நிக்கிறாள். ஆனா எப்பிடிகா வாற?"

"முன்வாசலாலதான்."

"முன்வாசலாலயா!" ராத்தா சிரித்தார். "சேலை மாத்தி, முக்காடு போட்டு, ரோட்டால சுத்தி, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால ஊர்கோலம் போறதா? அங்க குந்திக்கொண்டு இரிக்கிறதுல பாதி என்ட மாப்பிள்ளைட கூட்டாளிமாரு. 'காசிம்ட பொண்டாட்டி பார்க்குக்குப் போறா' எண்டு மஃரிபு தொழுகைக்கு முந்தி ஊரெல்லாம் கதை. எனக்கு என்ட சாச்சி வீட்டுக்குப் போறெண்டாலும் வளவுக்குள்ளாலதான் போற பழக்கம். இந்தக் குறிச்சியில எல்லாரும் அப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் ஒவ்வொரு நாளும் மூன்று வளவுகளுக்குள்ளால் வந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் தெருவில் இறங்கி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைக் கடப்பவள்தானே. வேலை என்பதால் கடந்தேன். வேலை இல்லாதவர்கள் ஏன் கடக்க வேண்டும்?

பயந்து பயந்து சேரிடம் சொன்னேன். அவர் கட்டிய வாசலைக் குறை சொல்வதாக எடுப்பாரோ என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"சரிதான் தங்கச்சி. நாம வளைவு கட்டினம். அவங்களுக்கு வேணுமெண்டது வளவு."

பின்வேலியில் ஒரு கடப்பு விட்டால் சபியா ராத்தாவின் வளவு வழியாகக் குறிச்சிப் பெண்கள் எல்லாரும் வரலாம். சேர் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் காசிம் காக்காவைப் பிடித்துக் கேட்டார். "அதுக்கென்ன சேர், வெட்டுங்க" என்று அவரும் உடனே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வேலையாள் ஒருவர் கத்தியோடு வந்து கிடுகில் கைவைத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து சபியா ராத்தாவின் குரல் கேட்டது.

"ஆருடா அது வேலியில?"

"சபையால வந்த, உம்மா. கடப்பு வெட்டச் சொன்னாங்க. காக்கா ஓமெண்டு சொல்லிட்டாராம்."

"எந்தக் காக்கா?"

"உங்கட மாப்பிள்ளை."

"அவரு ஓமெண்டு சொல்ல இது அவருட வளவா? என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. அவரு இஞ்ச மாப்பிள்ளையா வந்தவரு. வேலியில கைய வெச்சியெண்டா கைய எடுத்துக்கொண்டு போக மாட்டாய்!"

வேலையாள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் ஏணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரறிந்த விஷயம்தான். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். சேரும் அப்படி ஒரு வளவுக்கு மாப்பிள்ளையாகப் போனவர்தான். ஆனால் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் பள்ளிவாசலில் கேட்டுக் காரியம் முடிப்பது அதை விட ஊறிய பழக்கம். காசிம் காக்காவும் அன்று மத்தியானம் கடையிலேயே சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் முடிந்தது, பெருநாளுக்குப் பிறகு இங்கே பந்துச் சத்தம்தான் கேட்கும் என்று நினைத்தேன். சேரிடம் போய்ச் சொன்னபோது அவர் குடையை மடக்கிக் கையில் எடுத்தார். கோபம் சபியா ராத்தாவின் மேல் என்று பயந்தேன். அவர் சொன்னது: "என்ட உம்மா இரிந்திருந்தா என்னைத்தான் ஏசியிருப்பா. வாங்க, என்னோட வாங்க."

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் ஒழுங்கையால் சுற்றிப் போய் ராத்தாவின் வளவு வாசலில் நின்றோம். சேர் செருப்பைக் கழற்றினார். உள்ளே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, ஒருமுறை செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வளவுக்காரி இரிக்காவா?"

காசிம் காக்காவின் பெயரைச் சொல்லவில்லை. "வீட்டுல ஆரு" என்றும் கேட்கவில்லை. வளவுக்காரி என்ற அந்த ஒரு சொல்லுக்கு உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சலாத்துக்குப் பதில் வந்தது.

"இரிக்கா. என்ன விஷயம் காக்கா?"

"ஒரு புத்தியில்லாத வேலை பார்த்திட்டன் தங்கச்சி. உங்கட வளவுக்கு வேற ஆள்கிட்ட உத்தரவு கேட்டுட்டன். அத விடுங்க. இப்ப உங்ககிட்டக் கேக்க வந்திரிக்கன். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்க. கோவிக்க மாட்டன்."

ராத்தா வேலிக்குப் பின்னாலேயே நின்று சொன்னார்.

"கடப்பு விடுறதுக்கு எனக்குக் கஷ்டமில்ல. ஆனா என்ட வளவுல கிணறு இரிக்கி. கட்டு பதிவு, முழங்கால் உயரந்தான். ஊர்ப் புள்ளைகள் எல்லாம் இதால ஓடித் திரிஞ்சா நான் காவல் இரிக்க ஏலா. கிணத்துக்கு ஒரு மூடி போட்டுத் தாங்க. மறுகா கடப்பைப் பத்திக் கதைப்பம்."

அந்தக் கிணற்றை நினைத்து நானும் பயந்துகொண்டிருந்தேன். சொன்னால் காரியம் கெட்டுவிடுமோ என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சேர் தச்சாசாரியைக் கொண்டு இரண்டு பாதியாகத் திறக்கும் மூடி ஒன்று செய்வித்தார். கனத்த மரச்சட்டம், நடுவில் இரும்பு வலை, சிறு கைக்கு எட்டாத கொளுக்கி. பொருத்தி முடித்ததும், எங்கள் எல்லாருக்கும் முன்னால், அந்தப் பருத்த உடம்போடு மூடியின் மேல் ஏறி நின்றார்.

"காக்கா, இறங்குங்க! விழுந்தா உங்களைத் தூக்க எங்கட குறிச்சியில கயிறு இல்ல!" என்று ராத்தா கத்தினார்.

"என்னைத் தாங்கினா உங்கட ஊர்ப் புள்ளைகள் எல்லாரையும் ஒண்டாத் தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்று ராத்தாவே கத்தியை வாங்கி முதல் கிடுகை வெட்டினார். நோன்பு பிடிக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அடுத்த நாள் பின்னேரம் நஜீமா முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் சாச்சிமார், மதினிமார், பாய் சுருட்டிய கைகள், கடலைப் பொட்டலங்கள், தலை வாரச் சீப்போடு வந்த ஒருத்தி. அடுத்த குறிச்சியிலிருந்து மீன்காரர் வீட்டுத் தமிழ்ப் பெண்களும் ராத்தாவின் வளவுக்குள்ளால் பிள்ளைகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பெருநாளன்று கிழக்குப் பாதியில் கால் வைக்க இடமில்லை. கழகத்துப் பொடியன்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மிஸ், எங்கட உம்மாவும் அங்கதான் இரிக்கா. வட்டிலப்பம் மிச்சமிரிந்தா அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள். அவர்கள் வலையை வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு நாள் எல்லாம் போய்விடும் போலிருந்தது.

பாலமுனையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த ஒரு தாய். மஞ்சள் சட்டை போட்ட அவருடைய சின்ன மகளைக் காணவில்லை. "இப்பத்தான் இஞ்ச நிண்டாள், இப்பத்தான் நிண்டாள்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லும்போதே என் கால்கள் கடப்பை நோக்கி ஓடிவிட்டன். வேறு இடம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கிணறு. அன்று தொழுகைக்கு ஒலு எடுக்கத் தண்ணீர் அள்ளுவதற்காக ராத்தா மூடியின் ஒரு பாதியைத் திறந்து வைத்திருந்தார்.

"ராத்தா, மஞ்சள் சட்டைப் புள்ள!"

"இதால ஒரு புள்ளயும் வரல்லகா. நான் வாளிய விட்டு இன்னும் அசையல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளியை இறக்கித் தண்ணீரைக் கலக்கி, நான் குனிந்து பார்த்து முடிக்கும் வரை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை. அந்தப் பிடியை நான் மறக்கவில்லை.

யானைக்குப் பின்னால், தொட்டிக்குள், ஆண்கள் பகுதியில், கடைத்தெருவில் என்று எல்லாரும் தேடினார்கள். என் மூத்தவள் அப்போது நடக்கத் தொடங்கிவிட்டாள். ஏணையை அவிழ்க்காமல் வெறுமனே விட்டு வைத்திருந்தேன். நஜீமாதான் கூப்பிட்டாள்: "மிஸ், உங்கட ஏணை பாரமாத் தொங்குது."

மஞ்சள் சட்டை அதற்குள் சுருண்டு நித்திரை. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கத் தெரியவில்லை போல. அந்தத் தாயும் நானும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பிள்ளை கடப்பால் போகவே இல்லை. ஆனாலும் கதை கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை கிணற்றுக்குள் விழுந்து எழும்பிவிட்டது. கடப்பை அடைக்க வேண்டும் என்று பூங்காக் குழுவில் பேச்சு வந்தது. சேர் எதிர்க்கவில்லை. "வளவுக்காரிக்கிட்டக் கேட்டுட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கூட்டத்தில் ராத்தாவின் பதிலை அப்படியே சொன்னார்:

"கடப்பை அடைக்கிறெண்டா அடைங்க. ஆனா கிணத்து மூடிய நான் கழட்டித் தாறன். அதைக் கொண்டுபோய் உங்கட வளைவு வாசல்ல மாட்டி வையுங்க. அதால போற பொம்புளைகள் எத்தின பேரெண்டு அது எண்ணட்டும்."

குழுவில் முதலில் சிரித்தவர் காசிம் காக்காவாம். கடப்பு நின்றது. அதற்கு ஒரு தட்டியும் உயரத்தில் ஒரு கொளுக்கியும் வந்தன. அன்றிலிருந்து என் வேலையில் ஒன்று கூடியது. மூடும்போது மணியடித்து, ஒவ்வொரு ஊஞ்சலடியிலும் யானைக்கடியிலும் "ஆரும் இரிக்கீங்களா?" என்று கேட்டு, கடைசியாக ஏணையைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் கொளுக்கி. என் பிள்ளைகள் மூவரும் அதில் கிடந்து வளர்ந்து முடிந்த பின்னும் அந்த ஏணையை நான் அவிழ்க்கவில்லை. யாராவது ஒரு தாய்க்குத் தேவைப்பட்டது.

சேர் மாற்றலாகிப் போனார். இடையில் ஊரடங்கும் கடையடைப்புமாக மோசமான காலங்கள் வந்தன. முன்வாசல் பூட்டிக் கிடந்த நாட்களில்கூட, கொஞ்சம் அமைதியான பின்னேரங்களில் அந்தக் கடப்பால் பிள்ளைகள் வந்து ஆடிவிட்டுப் போனார்கள்.

பஸ்லியா வரைபடத்தோடு வந்த மறுநாள், அவளையும் கூட்டிக்கொண்டு நேரே சபியா ராத்தாவிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, "மதில் கட்டினா கடப்புப் போயிரும் ராத்தா. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

ராத்தா வெற்றிலையை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தின வருஷம் சபையில வேலை பார்த்தும் உனக்கு இன்னும் விளங்கல்லயா புள்ள? என்னட்ட ஏன் கேக்காய்? நஜீமாவ முடிச்சுக் குடுத்து வளவையும் அவளுக்கு எழுதியாச்சு. நானும் அவட வாப்பாவும் இந்தச் சின்ன வீட்டுல குந்திக்கொண்டு இரிக்கம். அவளுக்கிட்டப் போய்க் கேளு."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் பெரிய வீட்டு வாசலுக்குப் போய், நான் ஒருமுறை செருமி, "வளவுக்காரி இரிக்காவா?" என்று கேட்டேன்.

நஜீமா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்ற அதே முகம். வரைபடத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். மதிலின் கோட்டில் விரலை வைத்து, தன் கிணறு எங்கே, வேம்பு எங்கே என்று தேடினாள். பிறகு அதைச் சுருட்டிப் பஸ்லியாவின் கையில் கொடுத்தாள்.

"கடப்பு இப்ப சின்னன் மிஸ். புள்ளயத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரு ஒண்டா வரேலாது. மதில் கட்டக்குள்ள இந்த இடத்தில கொஞ்சம் அகலமா விடச் சொல்லுங்க. கதவு நான் போட்டுக்கொள்ளுவன்."

"அப்ப சேர்மாருட்டக் கேட்டுப் பாக்கிறம்" என்றாள் பஸ்லியா.

"கேக்கச் சொல்லல்ல தங்கச்சி" என்றாள் நஜீமா, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "சொல்லச் சொன்னன்."